பஸ் வராத நிறுத்தத்தில் பரிசுப் புள்ளிகள்

சென்னையின் போக்குவரத்து நெரிசலைப் பற்றி எந்தக் கூட்டத்தில் பேச்சு எழுந்தாலும் அது கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: "மக்களோட மனநிலை மாறணும்." அதை மாற்றும் யோசனைகள் அடுத்து வரிசையாக வரும். பைக்கை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தால் செயலியில் புள்ளிகள், புள்ளிகள் சேர்ந்தால் கூப்பன், மாதம் ஒரு குலுக்கல், வாரத்தில் ஒரு 'கார் இல்லா நாள்', மெட்ரோவில் டிஜிட்டல் டிக்கெட்டுக்குத் தள்ளுபடி. அதட்ட வேண்டாம், அபராதம் வேண்டாம், லேசாக ஊக்கம் கொடுத்தால் ஜனங்கள் தாங்களாகவே பசுமையான பயணத்துக்குத் திரும்பிவிடுவார்கள் என்பது நகரத்தைப் பற்றி அக்கறையோடு பேசுகிறவர்களிடையே இன்று ஏறக்குறைய ஒருமித்த கருத்து.

நல்லெண்ணத்தில் பிறந்த கருத்துதான். ஆனால் அது தவறானது, அதைவிடத் தீங்கானது. பஸ் விட வேண்டியவர்கள் மேல் விழ வேண்டிய பழியை எடுத்து, பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவர்கள் தலையில் வைக்கிறது அது. இந்த நகரத்தில் பயணிகளின் மனம் எப்போதோ மாறிவிட்டது. பல லட்சம் பேருக்கு அது மாற வேண்டிய அவசியமே இருந்ததில்லை, அவர்கள் என்றுமே பஸ்ஸிலும் ரயிலிலும் கால்நடையாகவும்தான் போய்வருகிறார்கள். அவர்களுக்கு என்ன செய்தோம் என்பதே முதல் கேள்வி.

யோசனையின் பிறப்பிடத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பொருளியலாளர் ரிச்சர்ட் தேலரும் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டீனும் 2008இல் 'நட்ஜ்' என்ற புத்தகத்தை எழுதினார்கள். எதையும் தடை செய்யாமல், பெரிய தொகை எதையும் கண்ணில் காட்டாமல், தேர்வுகளை முன்வைக்கும் விதத்தை மாற்றினாலே மனிதர்கள் நல்லதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்றது அந்தப் புத்தகம். 2010இல் பிரிட்டிஷ் அரசு இதற்கென்றே தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. 2017இல் தேலருக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது. ஓய்வூதியச் சேமிப்பில் இந்த வழி நன்றாகவே வேலை செய்தது. வேலைக்குச் சேரும்போதே ஊழியரைச் சேமிப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டு, வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம் என்று சொன்னால் பெரும்பாலோர் விலகுவதில்லை. அங்கே ஊழியர் செய்ய வேண்டியது ஒன்றுமே கிடையாது, சும்மா இருந்தாலே போதும்.

வேலைக்குப் போய்வருவது சும்மா இருந்து நடக்கிற காரியமா? மேடவாக்கத்திலிருந்தோ பூந்தமல்லியிலிருந்தோ கிளம்புகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். தெருமுனை வரை நடக்க வேண்டும், நடைபாதை இருந்தால் அதன் நடுவில் மின்பெட்டியோ பைக்கோ நிற்கும், ஆகவே சாலையில் இறங்கித்தான் நடக்க முடியும். நிறுத்தத்தில் நிழல் இருக்காது. பஸ் எப்போது வரும் என்று தெரியாது, வந்தாலும் உள்ளே கால் வைக்க இடமிருக்குமா என்பது நிச்சயமில்லை. இறங்கிய பிறகு கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோவில் நான்காவது ஆளாக ஒண்டிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் இதே பாடு திரும்பி வரும். அந்த மனிதர் கடன் வாங்கி ஒரு பைக் எடுக்கிறார் என்றால், அவர் நன்றாக யோசித்துத்தான் எடுத்திருக்கிறார். காபி கூப்பனால் கலைக்கக்கூடிய முடிவு அல்ல அது.

ஆய்வுகள் சொல்வதும் இதைத்தான். ஏரியலா கிறிஸ்டல், ஆஷ்லி வில்லன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், காரில் தனியாக வேலைக்கு வருகிறவர்களை அந்தப் பழக்கத்திலிருந்து திருப்ப ஐந்து களச் சோதனைகளை நடத்தினார்கள். கார் பகிர்வுக்கு அழைக்கும் கடிதங்கள், அவரவர் வீட்டிலிருந்து எப்படி வரலாம் என்று வகுத்துக் கொடுக்கும் பயணத் திட்டம் என்று மெல்லிய ஊக்கத்தின் வழக்கமான ஆயுதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். சோதனைக்கு உட்பட்டவர்கள் 68 ஆயிரத்துக்கும் மேல். 2020இல் 'நேச்சர் ஹியூமன் பிகேவியர்' இதழில் அதை எழுதியபோது, ஐந்துமே பயணப் பழக்கத்தை அசைக்கவில்லை என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். தோற்ற சோதனையை அப்படியே வெளியிட்ட நேர்மைக்காகவே அவர்களை மதிக்க வேண்டும், ஏனென்றால் தோல்விகள் பெரும்பாலும் அச்சேறுவதில்லை. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் எலிசபெத் லினோஸும் 2022இல் காட்டியது அந்த இடைவெளியைத்தான். ஆய்விதழ்களில் வெளியான நட்ஜ் சோதனைகளின் சராசரிப் பலன் 8.7 சதவீதப் புள்ளி. அமெரிக்காவில் இதே வேலையைச் செய்யும் இரண்டு பெரிய பிரிவுகளின் எல்லாச் சோதனைகளையும் விடாமல் எடுத்துக் கணக்கிட்டால் 1.4 சதவீதப் புள்ளி.

அதே ஆண்டில் நிக் சேட்டரும் ஜார்ஜ் லோவன்ஸ்டீனும் எழுதிய கட்டுரை இன்னும் முக்கியமானது. இருவரும் இந்தத் துறையிலேயே வளர்ந்தவர்கள். தனிமனிதரைத் திருத்துவதில் கவனத்தைக் குவித்ததால், அமைப்பை மாற்றும் கொள்கைகளிலிருந்து பொதுப்பேச்சு விலகிப் போய்விட்டது என்றும், அந்த விலகல் மாற்றத்தை விரும்பாத பெரும் நிறுவனங்களுக்கே வசதியாக அமைந்தது என்றும் அவர்கள் எழுதினார்கள்.

இவ்வளவு சொன்னால், எதிர்த்தரப்பு இரண்டு ஊர்களைக் காட்டும். பெங்களூர், சிங்கப்பூர். இரண்டும் உண்மையான வெற்றிகள் என்பதால் தட்டிக்கழிக்காமல் பார்க்க வேண்டும்.

2008 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பாலாஜி பிரபாகரின் குழு, பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் இன்ஃபோசிஸ் ஊழியர்களிடம் ஆறு மாதம் ஒரு சோதனை நடத்தியது. காலை நெரிசலுக்கு முன்பே வளாகத்துக்கு வந்து சேர்கிறவர்களுக்குப் புள்ளிகள், வாரம் ஒருமுறை குலுக்கலில் பணம். முன்கூட்டி வருகிறவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டித்தது. பஸ்ஸில் வருகிறவர்களின் பயண நேரம்கூடக் குறைந்தது. புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அங்கே எது நகர்ந்தது? கடிகாரம் நகர்ந்தது. காரிலிருந்து பஸ்ஸுக்கு யாரையும் ஏற்றுவது அந்தச் சோதனையின் நோக்கமே அல்ல. ஊழியர்களை ஏற்றிவர நிறுவனமே பஸ்கள் விட்டிருந்தது. ஏழரைக்கே வந்து கேண்டீனில் டிபன் சாப்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கும் சுதந்திரம் அவர்களுக்கு இருந்தது. தி.நகர் ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கிற பெண்ணுக்கு அந்தச் சுதந்திரம் உண்டா? கடை திறக்கும் நேரத்தை முதலாளி முடிவு செய்கிறார், அந்த நேரத்தில் பஸ் வருமா என்பதை டெப்போ முடிவு செய்கிறது. அவர் கையில் இருக்கிற தேர்வு மிகச் சிறியது.

சிங்கப்பூர் இதைவிட நல்ல பாடம், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். 2013 ஜூன் முதல், காலை 7.45க்கு முன் நகர மையத்தின் 16 நிலையங்களில் இறங்குகிறவர்களுக்கு ரயில் பயணம் இலவசம் என்று அங்கே அறிவித்தார்கள். உச்ச நேரப் பயணிகளில் ஏறக்குறைய 7 சதவீதம் பேர் முன்னதாகக் கிளம்பினார்கள். 2017 கடைசியில் இலவசத்தை நிறுத்திவிட்டு, தீவு முழுவதும் 7.45க்கு முன் ரயில் ஏறுகிறவர்களுக்கு 50 காசு வரை தள்ளுபடி என்று மாற்றினார்கள். கருத்தரங்குகளில் சிங்கப்பூரைப் பற்றி நாம் கேட்பது இதோடு முடிகிறது.

மீதிக் கதை அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுக்கு முன்பே தொடங்குகிறது. 1975 ஜூன் மாதம் சிங்கப்பூர் தன் நகர மையத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு, காலையில் அதற்குள் நுழையும் காருக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி கட்டணம் விதித்தது. காலை நேரக் கார்கள் பாதிக்கும் மேல் குறைந்துபோயின. 1990 முதல் புதுக் கார் வாங்க வேண்டுமானால் முதலில் ஏலத்தில் வாகன உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும், அதன் ஆயுள் பத்து ஆண்டு. 1998இல் மின்னணுச் சாலைக் கட்டணம் வந்தது. 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் எண்ணிக்கை வளர்ச்சியை அரசு பூஜ்யமாக்கிவிட்டது. 2023 அக்டோபரில் பெரிய காருக்கான சான்றிதழ் மட்டும் ஒன்றரை லட்சம் வெள்ளியைத் தொட்டது, காரின் விலை தனி. இவ்வளவையும் செய்துகொண்டே ரயில் தடங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார்கள். இன்று ஏறக்குறைய 60 லட்சம் மக்களுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்கள் அங்கே ஓடுகின்றன.

அந்த 50 காசுத் தள்ளுபடி யாரிடம் பேசுகிறது என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே ரயிலுக்குள் இருக்கிறவரிடம் பேசுகிறது. காரை விட்டு இறங்கச் சொல்லும் வேலையை ஏலமும் சாலைக் கட்டணமும் செய்து முடித்துவிட்டன, இறங்கினவரைச் சுமந்துபோகும் வேலையை ரயிலும் பஸ்ஸும் செய்கின்றன. கடைசியில் மிச்சமிருந்த ஒரு சிறு வேலையை, ஏழே முக்கால் ரயிலையும் எட்டேகால் ரயிலையும் சமன் செய்வதை, தள்ளுபடி செய்தது. அந்தச் சிறு வேலையை மட்டும் எடுத்துவந்து சென்னையில் முதல் வேலையாக்கப் பார்ப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

சென்னைக் கணக்குக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை நகர்ப்புறத் தொகுதியில் 86 லட்சம் பேர். லட்சம் பேருக்கு 40 முதல் 60 பஸ் வேண்டும் என்பது மத்திய நகர்ப்புற அமைச்சகம் வகுத்த அளவு. அதில் குறைந்தபட்சமான 40ஐ வைத்துக்கொண்டாலே, 2011இல் இருந்த மக்களுக்கே 3,440 பஸ் தேவை. மாநகரப் போக்குவரத்துக் கழகம் அதன் பின் பல ஆண்டுகளாக மூவாயிரத்துச் சொச்சத்திலேயே நின்றது, ஊரோ செங்கல்பட்டுப் பக்கமும் திருவள்ளூர்ப் பக்கமும் வளர்ந்துகொண்டே போனது. சிங்கப்பூரைவிட அதிக மக்கள், அதைவிடக் குறைந்த பஸ்கள்.

பஸ்ஸை விட்டு மக்கள் போனது எப்படி என்பதற்கும் பதிவு இருக்கிறது. பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கணக்குகளின்படி 1970இல் இந்த நகரத்தின் பயணங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் பஸ்ஸில் நடந்தன, இருபது சைக்கிளில். மோட்டார் பைக்கும் ஸ்கூட்டரும் இரண்டுக்கும் கீழே. 2008இல் பஸ் 26ஆக இறங்கிவிட்டது, சைக்கிள் 6, இருசக்கர வாகனம் 25. ஒரு தலைமுறைக்குள் சென்னைவாசிகளின் மனத்தில் என்ன கோளாறு புகுந்தது? ஒன்றும் இல்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணை, ஓஎம்ஆர் என்று வீடுகள் போன வேகத்தில் பஸ் போகவில்லை. சைக்கிள் ஓட்ட இருந்த ஓரம் கார் நிறுத்தமாகிவிட்டது. 2018 ஜனவரி 20 அன்று பஸ் கட்டணத்தை ஒரே நாளில் தூக்கினார்கள். கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், சில நாளில் அரசு கொஞ்சம் குறைத்தது, ஆனால் விலகிப்போன பயணிகளில் பலர் திரும்பவில்லை. மாதப் பாஸுக்குக் கொடுத்த பணம் பைக் தவணைக்குப் போனது. பயணிக்கு அன்று கிடைத்த ஊக்கம் அதுதான், பஸ்ஸை விட்டு வெளியேறுவதற்கான ஊக்கம்.

பறக்கும் ரயிலின் கதையும் அப்படித்தான். அது வேளச்சேரிக்கு வந்து சேர்ந்தது 2007இல். அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் ஐந்து கிலோமீட்டர். தாம்பரம் பக்கத்து மின்சார ரயிலையும் மெட்ரோவையும் பறக்கும் ரயிலையும் ஒரே இடத்தில் கைகோக்க வைப்பதுதான் அந்த இணைப்பின் வேலை. ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கில் சிக்கி அந்த ஐந்து கிலோமீட்டர் பதினைந்து ஆண்டுக்கும் மேல் இழுத்தது. தூண்கள் நின்றன, ரயில் வரவில்லை. அந்தப் பதினைந்து ஆண்டில் ஒரு பையன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, படித்து முடித்து, வேலைக்கும் போய்விட்டிருப்பான். அவன் பைக்கில் போகிறான் என்பதற்காக அவனுடைய மனநிலையை ஆராய்வது நியாயமா?

நடைபாதைக்கும் இதே கதி. 2014இல் இந்தியாவிலேயே முதலாவதாக, நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குமான கொள்கையைச் சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. 2018க்குள் நகரத் தெருக்களில் 80 சதவீதத்தில் நடைபாதை இருக்கும் என்பது அதன் இலக்கு. பாண்டி பஜாரிலும் இன்னும் சில சாலைகளிலும் அருமையாகச் செய்தார்கள், அங்கே மக்கள் நடக்கிறார்கள். மற்ற தெருக்களில் இலக்கு காகிதத்தோடு நின்றது.

'பஸ்ஸில் போவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார்கள், அதுதான் பிரச்சினை' என்றும் ஒரு வாதம் உண்டு. மெட்ரோ அதற்குப் பதில் சொல்லிவிட்டது. 2015இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் நடுவே தொடங்கிய மெட்ரோவில் ஆரம்பத்தில் ஆளே இல்லை என்றார்கள். தடம் விமான நிலையத்துக்கும் விம்கோ நகருக்கும் நீண்டது, 2021 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50ஆகக் குறைந்தது, சில நிமிடத்துக்கு ஒரு ரயில் என்பது நிச்சயமானது. 2025 ஜூலையில் மாதப் பயணிகள் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. கௌரவம் பார்ப்பதாகச் சொல்லப்பட்ட அதே மத்தியதர வர்க்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி போகிறது. யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை, நம்பி நிற்கக்கூடிய வண்டி வந்தது, ஏறினார்கள்.

இப்போது பேச வேண்டியது, ஒருநாளும் பைக்குக்குப் போகாதவர்களைப் பற்றி. அடையாறு நிறுத்தத்தில் ஒரு சாயங்காலம் பேச்சுக் கொடுத்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். காலையில் ஐந்து வீடுகளில் வேலை, மாலையில் இரண்டு. வீடு பெரும்பாக்கத்தில். முன்பு ஆற்றோரக் குடிசையில் இருந்தவர்கள், நகரத்தை அழகாக்க வேண்டுமென்று அரசு அவர்களை அங்கே கொண்டுபோய்க் குடிவைத்தது. "எவ்வளவு நேரமா நிக்கிறீங்கம்மா?" என்று கேட்டேன்.

"அஞ்சரைக்கு வந்தேன் சார். ரெண்டு டீலக்ஸ் போயிடுச்சு, ஒரு ஏசி போச்சு. நம்ம பிங்க் பஸ்ஸு வந்துச்சு, படியில கால் வைக்க எடமில்ல. நாளெல்லாம் தண்ணியில இருந்த கை சார், கம்பிய பிடிச்சா வழுக்குது. தொங்க பயமா இருக்கு."

அடுத்து வந்ததும் பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரண பஸ்தான், வெள்ளை போர்டு. நிறுத்தத்துக்கு இருபதடி தள்ளி, சாலை நடுவிலேயே அது நின்றது. ஓரத்தில் கார்கள் நின்றதால் பஸ்ஸால் ஒதுங்க முடியவில்லை. கூட்டம் பைக்குகளுக்கு நடுவே ஓடியது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கட்டைப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவரும் ஓடினார். முன்வாசலில் இரண்டு பெண்கள் கைகொடுத்து மேலே இழுத்தார்கள். கண்டக்டர் உள்ளிருந்து, "உள்ள போங்கம்மா, உள்ள போங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். உள்ளே போக எங்கே இடம்?

சென்னையில் ஒருவர் தலைக்கு எவ்வளவு புகை என்று அளந்தால், இந்தப் பெண்மணியின் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. பசுமைப் பயணத்துக்குப் பரிசு என்று ஒன்று இருந்தால் அது அவருடையது. ஆனால் ஊக்கத் திட்டங்கள் எல்லாமே மாறப்போகிறவருக்காக வகுக்கப்படுகின்றன, மாறாமல் இருந்தவருக்கு அதில் இடமில்லை. புள்ளிகள் ஸ்மார்ட்போனில் ஏறும், கூப்பன் பைக்கை விட்டுவந்த மென்பொருள் ஊழியருக்குக் கிடைக்கும். அதைவிட மோசமான ஒன்று உண்டு, இதை யாரும் பேசுவதில்லை. அந்தத் திட்டம் உண்மையிலேயே வெற்றிபெற்றுவிட்டால் என்ன ஆகும்? பஸ்ஸின் எண்ணிக்கை அப்படியே இருக்க, பைக்கிலிருந்து இறங்கிய ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அதே படியில் வந்து ஏறுவார்கள். வழுக்கும் கையோடு நிற்கிற அந்தப் பெண்மணி ஏற முடியாமல் போவார். பஸ்ஸைக் கூட்டாமல் பயணியை மட்டும் கூட்டுவது, இருப்பவரை இறக்கிவிடுவதில்தான் முடியும்.

அவருக்கு உண்மையில் உதவியது எது? 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்ற அறிவிப்பு. விடியல் பயணம். மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. இதை மெல்லிய ஊக்கம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் இதில் போட்டியோ குலுக்கலோ புள்ளியோ இல்லை, எல்லாப் பெண்களுக்குமான உரிமையாகக் கொடுத்தார்கள். கையில் காசில்லாத நாளிலும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், தூரத்தில் கிடைக்கும் வேலைக்கும் போகலாம். சில நிபுணர்கள் இதிலும் குறை கண்டார்கள். கட்டணத்தை நீக்கினால் காரிலிருப்பவர் வருவதில்லை, நடந்து போனவர்தான் பஸ்ஸில் ஏறுகிறார் என்பது எஸ்டோனியாவின் டாலின் நகரம் 2013இல் பஸ்ஸை இலவசமாக்கியபோது எழுந்த விமர்சனம், அதை அப்படியே இங்கும் சொன்னார்கள். மூன்று கிலோமீட்டர் வெயிலில் நடந்துகொண்டிருந்த பெண் பஸ்ஸில் ஏறினால், அது போக்குவரத்துக் கொள்கையின் தோல்வியா? நடக்க முடியாத தெருக்களைக் கட்டிவைத்த ஊருக்கு, அவள் தொடர்ந்து நடக்க வேண்டுமென்று கேட்க உரிமையில்லை. விடியல் பயணத்தின் மீது எனக்கிருக்கும் ஒரே புகார், அந்த உரிமையைச் சுமக்கப் போதுமான வெள்ளை போர்டு பஸ்கள் கூடவே வரவில்லை என்பது.

மென்மையாகத் தள்ளினால் போதும் என்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுப்பதில்லை. எதிர்ப்பக்கத்தில் அரசே முழு பலத்தோடு தள்ளிக்கொண்டிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்தது. ஒரு லட்ச ரூபாய் பைக்கில் ஏறக்குறைய 7,800 ரூபாய் மிச்சம். மெட்ரோவின் 20 சதவீதத் தள்ளுபடியில் அதே தொகையை மிச்சம்பிடிக்க, 40 ரூபாய் டிக்கெட்டில் ஏறக்குறைய ஆயிரம் தடவை போக வேண்டும். கார் நிறுத்த ஏறக்குறைய 120 சதுர அடி தேவை, திருவல்லிக்கேணி மேன்ஷன் அறை ஒன்றின் அளவு. அந்த இடத்தைப் பெரும்பாலான தெருக்களில் காருக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறோம், மேன்ஷனில் தங்குகிறவர் வாடகை கொடுக்கிறார்.

இதற்கெல்லாம் உச்சம் அண்ணா சாலை. தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டருக்கு 621 கோடி ரூபாய் மதிப்பில் மேம்பாலம் திட்டமிட்டு, 2024 ஜனவரியில் வேலையைத் தொடங்கினார்கள். அதே இடத்தில் பூமிக்கு அடியில் மெட்ரோ ஓடுகிறது, சுரங்கம் சேதமாகாமல் அதற்கு மேலேயே பாலத்தை நிறுத்தப் பொறியாளர்கள் தனியாக மெனக்கெட வேண்டியிருந்தது. கீழே ரயில், மேலே காருக்குப் பாலம், நடுவில் நெரிசலில் சிக்கிய பஸ். ஒரு பஸ் ஒரு கோடி ரூபாய் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் அந்தத் தொகைக்கு 600 பஸ் வாங்கியிருக்கலாம். ஓட்ட ஆளும் எரிபொருளும் ஆண்டுதோறும் தனிச்செலவு என்பது எனக்குத் தெரியும், ஆனால் பாலம் கட்டும்போது அந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை, பஸ் வாங்கும்போது மட்டும் கேட்கிறார்கள்.

'அப்படியானால் கட்டாயப்படுத்தச் சொல்கிறீர்களா? கட்டணம் போட்டால் ஏழை பைக்காரர்தானே அடிபடுவார்?' இது நியாயமான கேள்வி. உணவு கொண்டுபோகிற பையனும் கருவிப்பெட்டியோடு அலைகிற எலக்ட்ரீஷியனும் மீன்கூடையோடு காசிமேட்டிலிருந்து கிளம்புகிற அம்மாவின் மகனும் பைக் இல்லாமல் பிழைக்க முடியாது. அவர்களிடம் கைநீட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். முதலில் கட்டணம் கொடுக்க வேண்டியது தெருவில் நிற்கும் கார். அந்தப் பணம் பொது நிதியில் கரைந்துவிடாமல் பஸ்ஸுக்கென்றே போக வேண்டும். இதில் வரிசை முக்கியம், அதை ஸ்டாக்ஹோம் காட்டியது. அங்கே நகருக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம் விதிப்பதற்கு முன், 2005 ஆகஸ்டிலேயே புதிய பஸ்களைச் சாலையில் இறக்கினார்கள். 2006 ஜனவரியில் கட்டணம் தொடங்கியது, உள்நகர எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. பஸ் மட்டும் வந்திருந்த மாதங்களில் கார்கள் அவ்வளவாகக் குறையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தன. தொடக்கத்தில் பெரும்பாலோர் எதிர்த்த திட்டம் அது. ஆறேழு மாதம் அனுபவித்துப் பார்த்த பிறகு, 2006 செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகர மக்கள் அது வேண்டும் என்று வாக்களித்தார்கள். மனநிலை அங்கேயும் மாறியது, சாலை மாறிய பிறகு மாறியது.

சென்னை ஒன் செயலியை இந்த வாதத்துக்குள் இழுக்க மாட்டேன். பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட், பஸ் எங்கே வருகிறது என்ற தகவல், இவை 2025 செப்டம்பரில் வந்த நல்ல காரியங்கள், பயணிக்குச் சேர வேண்டிய மரியாதை. பஸ் இன்னும் நாற்பது நிமிடத்தில் வரும் என்று துல்லியமாகச் சொல்கிற திரை, நாற்பதைப் பத்தாக்கும் வேலையைச் செய்யாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

அந்த வேலையை எங்கே தொடங்கலாம் என்பதற்கும் இடம் இருக்கிறது. அண்ணா சாலையில் கார்களுக்கென்று மேலே நான்கு தடம் ஒதுக்கிவிட்டார்கள். அதற்குக் கீழே, தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை, பக்கத்துக்கு ஒரு தடத்தைத் தடுப்பு வைத்துப் பிரித்து பஸ்ஸுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். நிலம் கையகப்படுத்த வேண்டாம், வழக்கு வராது, 621 கோடியில் மிகச் சிறு துளிதான் செலவாகும். பெயின்ட்டும் சிமென்ட் கட்டையும் நாலு போலீஸ்காரர்களும் ஓர் அரசாணையும் போதும். ஒரு பஸ் அந்த மூன்று கிலோமீட்டரில் சேமிக்கும் ஒவ்வொரு நிமிடமும் நாளின் முடிவில் கூடுதல் டிரிப்பாகச் சேரும். அந்தத் தடத்தைக் கேட்டு மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவல்துறைக்கும் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமமான கும்டாவுக்கும் எழுத வேண்டியவர்கள், இதுவரை மக்களின் மனநிலையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நாம்.